விரதமும் பத்தியமும்

விரதம் இருக்கிறவரைக் கண்டு யாரும் இரக்கப்படுவதில்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருக்கிறவரிடம் போய், "ஐயோ பாவம்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குக் கோபம்தான் வரும். ஆனால் பத்தியம் இருக்கிறவரிடம் நாம் எல்லோருமே அந்த வார்த்தையைச் சொல்லுகிறோம். வாயால் சொல்லாவிட்டாலும் கண்ணால் சொல்லிவிடுகிறோம். இருவரும் செய்வது ஒன்றுதான். நாக்கு கேட்பதை வயிற்றுக்குக் கொடுக்காமல் இருக்கிறார்கள். ஒருவருடைய முகத்தில் அதனால் ஒரு தெளிவு வருகிறது. மற்றவருடைய முகம் வாடிப் போகிறது. ஏன்?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. என் தாயாரின் சாப்பாட்டுத் தட்டு என்னைக் கேட்ட கேள்வி இது.

அம்மா கரிசல் காட்டில் பிறந்தவள். கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவில், மழையை நம்பி விதைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். அவளுடைய சிறு வயதில் அங்கே அன்றாடச் சாப்பாடு என்பது கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான். நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும், வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் அவருக்கும். அரிசி வேகிற வாசனை வந்தால் பக்கத்து வீட்டுக்காரி, "என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டுப் போவாளாம். அந்தத் தலைமுறை நெல்லுச் சோற்றை ஒரு கனவாகவே வைத்துக்கொண்டு உழைத்தது. 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற பேச்சு ஒரு ஆட்சி மாற்றத்துக்கே துணை நின்றது என்றால், அந்தக் கனவு எத்தனை வயிறுகளில் எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும்! 2011-இல் அரிசி அட்டைக்காரர்களுக்கு மாதம் இருபது கிலோ அரிசி விலையில்லாமலே வந்துவிட்டது. கனவு பலித்துவிட்டது. பலித்த கனவோடு கூடவே நீரிழிவும் வந்துவிட்டது.

அரிசி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நடை குறைந்தது, உழைப்பு குறைந்தது, ஆயுள் கூடியது, பரம்பரை வேறு இருக்கிறது. ஆனால் 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு, இந்த நாட்டில் சுமார் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று சொல்லுகிறது. அந்தப் பத்துக் கோடியில் ஒருத்தி என் தாயார்.

அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு இருக்க வந்தாள். வந்த ஆறாம் மாதத்தில் காலில் ஒரு புண் ஆறாமல் நின்றது. இரத்தத்தைச் சோதித்தார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார்; சாப்பாட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். அந்தப் பத்து நிமிஷமும் அவர் என்னைப் பார்த்தே பேசினார் என்பதும், அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று முதல் நான் ஓர் அதிகாரி ஆனேன். அம்மாவுக்கென்று தனிக் குக்கர் வாங்கினேன். அவள் சாப்பாட்டு வேளை வேறு, எங்கள் சாப்பாட்டு வேளை வேறு என்று ஆயிற்று. வெல்லமும் சர்க்கரையும் என் மேஜை அறைக்குள் போயின. அறைக்குப் பூட்டு வந்தது. சாவி என் சட்டைப் பையில். "எல்லாம் உன் நன்மைக்குத்தாம்மா" என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லிவந்தேன். உலகத்தில் நடந்த கொடுமைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாக்கியத்தின் நிழலில்தான் நடந்திருக்கின்றன என்று கதை எழுதுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கதையில் தெரிகிறது வீட்டில் தெரிவதில்லை.

சோளம் நல்லது என்று எங்கோ படித்துவிட்டு ஒரு நாள் சோளம் வாங்கி வந்தேன். என் மனைவி அதை வேகவைத்து அம்மாவின் தட்டில் வைத்தாள். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன்யா, உங்க தாத்தா காடு காடா உழுதது எதுக்கு? பிள்ளைக நெல்லுச் சோறு திங்கணும்னுதானே? எழுபது வயசில எனக்கு மறுபடியும் சோளத்தைக் கொண்டாந்து வைக்கிறியே!"

நான் அவளுக்குக் கணக்குச் சொன்னேன். நூறு கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து மூன்று கிராம்கூடத் தேறாது. சோளத்தில் பத்துக் கிராம் இருக்கிறது. மாவுச்சத்து அரிசியில் எழுபத்தெட்டு, சோளத்தில் அறுபத்தெட்டு. மேலும் முழுத் தானியத்தை மென்று தின்றால் அது குடலில் மெதுவாகக் கரைகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறுவதில்லை. அதே தானியத்தை மாவாக்கிக் கூழாகக் குடித்தால் வேகமாக ஏறிவிடும். எந்த உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளந்து வரிசைப்படுத்தும் முறையை 1981-இல் டொரோண்டோவில் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் வகுத்தார்கள். இதையெல்லாம் ஒரு பிரசங்கம்போல் ஒப்பித்தேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். "சரிய்யா, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அவள் பேசியது கணக்கைப் பற்றி அல்ல. அந்தத் தட்டில் நான் கண்டது நார்ச்சத்து. அவள் கண்டது பஞ்சம்.

கழுகுமலை முருகன் அம்மாவின் குலத்துக்குக் கண்கண்ட தெய்வம். மாதா மாதம் கிருத்திகைக்கு அவள் பட்டினி விரதம் இருப்பது வழக்கம். நோய் வந்த பிறகு அந்த மாதிரி இருக்கலாமா என்று டாக்டரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவளாகச் சொல்லவும் இல்லை. ஒரு கிருத்திகையன்று காலையில் வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். சாப்பிடவில்லை. அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை. வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே போகும். நண்பகலில் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். மேஜை அறைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. சாவி சட்டைப் பையில். சட்டை? அன்று காலையில்தான் சலவைக்குப் போயிருந்தது.

பக்கத்து வீட்டு அக்காள் ஒரு தம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கால் மணி நேரத்தில் அம்மாவுக்குத் தெளிந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு, அவிழ்ந்திருந்த கொண்டையை முதலில் முடிந்துகொண்டாள்.

என் வீட்டில் சர்க்கரை இருந்தது. ஆனால் என் தாயாரின் உயிருக்கு வேண்டியிருந்தபோது அது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த நோயின் சரித்திரத்தில் பூட்டுக்கு ஓர் இடம் உண்டு. 1922 ஜனவரியில் டொரோண்டோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன் முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முந்தின சில ஆண்டுகளில், கடுமையான நீரிழிவு கண்ட குழந்தைகளின் உயிரைக் கொஞ்ச காலம் நீட்டிவைக்க வைத்தியர்களுக்குத் தெரிந்த வழி பட்டினிதான். நியூயார்க்கில் பிரடெரிக் ஆலன் என்ற டாக்டர் அந்த முறையை மிகக் கண்டிப்பாக நடத்தினார். அவரிடம் இருந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், நோயால் கண் பார்வை போனவன். அவனுக்குக் கொடுத்ததெல்லாம் அளந்து கொடுத்ததுதான். ஆனாலும் அவன் சிறுநீரில் சர்க்கரை காணப்பட்டது. எங்கிருந்து வந்தது? அவன் ஆசைப்பட்டான் என்று ஒரு பறவையை வளர்க்கக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கூண்டிலிருந்து பறவைக்கு வைத்த தானியத்தை அவன் எடுத்துத் தின்றிருக்கிறான். பற்பசையையும் தின்றிருக்கிறான்.

ஆலன் கொடியவர் அல்லர். அவர் காலத்தில் வேறு வழியில்லை. அவர் அளந்து அளந்து உயிரை இழுத்துப் பிடித்துவைத்ததனால் இன்சுலின் வரும்வரை பிழைத்திருந்தவர்களும் உண்டு. ஆகவே பூட்டு எப்போதுமே பாவம் என்று சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பூட்டின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

நீரிழிவு வலிக்காத நோய். நெருப்பைத் தொட்டால் உடனே சுடும். தொட்டவன் கையை எடுத்துவிடுவான். இங்கே லட்டு இன்று இனிக்கிறது. தண்டனை பத்து வருஷம் கழித்துக் கண்ணுக்கோ சிறுநீரகத்துக்கோ கால் நரம்புக்கோ வருகிறது. இன்று இனிப்பை ருசிப்பவளும் பத்து வருஷம் கழித்துக் கண் தெரியாமல் தடவப்போகிறவளும் ஒருத்திதானா? ஒருத்திதான். ஆனால் பின்னவளுக்காக இன்று பேச ஆள் இல்லை. நான் பேசினால் என்ன தவறு? தெரிந்தவன் சும்மா இருப்பது அன்பாகுமா? "அவள் இஷ்டம்" என்று கையைத் துடைத்துக்கொள்வது மரியாதையைப் போலத் தோன்றும். பல வீடுகளில் அது சோம்பேறித்தனம்தான்.

இந்த வாதம் பலமானது. எனக்கு இன்னும் இதில் பாதி உடன்பாடுதான். ஆனால் ஒரு படி இதில் விட்டுப்போயிருக்கிறது. நாளைய அம்மாவுக்காகப் பேசும் உரிமை எனக்கு இருக்கலாம். யாரிடம் பேச வேண்டும்? இன்றைய அம்மாவிடம். நான் அவளிடம் பேசவில்லை, ஒப்பித்தேன். அவளைக் கேட்காமல் அவளைப் பற்றித் தீர்மானித்தேன். கிருத்திகைக்குப் பட்டினி இருக்கப்போகிறேன் என்று அவள் என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் தடுப்பேன் என்று அவளுக்குத் தெரியும். பூட்டு சர்க்கரையை மட்டும் மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்தே ஆகவேண்டிய உண்மையையும் என்னிடமிருந்து மறைத்துவிட்டது. காவல்காரனிடம் யாரும் மனம் விட்டுப் பேசுவதில்லை. அந்தப் பையனும் தன் டாக்டரிடம் பேசவில்லை.

விரதத்துக்கும் பத்தியத்துக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று. ஒரே சோளத்தை மூன்று விதமாகத் தின்னலாம். வேறு வழியில்லாமல் தின்றால் அது வறுமை. இன்னொருவன் சொல்லித் தின்றால் அது பத்தியம். தானே எடுத்துக்கொண்டால் அது விரதம். வயிற்றுக்கு மூன்றும் ஒன்று. மனத்துக்கு ஒன்றல்ல. மாதம் ஒரு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் சிரித்த முகமாக இருக்கத் தெரிந்த என் தாயாருக்குக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று நான் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டேன். அவளுடைய கட்டுப்பாட்டைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான் நான் செய்தது.

மறுநாள் பூட்டை எடுத்துவிட்டேன். ஆனால் பூட்டை எடுப்பது பாதி வேலைதான். டாக்டரிடம் இந்தத் தடவை அம்மாவே பேசினாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். முழுப் பட்டினி வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு, "முருகனுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டு விரதம் போதும், அவன் ஒண்ணும் கணக்குப் பார்க்க மாட்டான்" என்று அவளே ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பிறகு நான் சமையலறைக்குள் போனேன். "சோளத்தை எப்படிச் சமைக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடும்மா" என்றேன்.

"உரல்ல தண்ணி தெளிச்சு இடிச்சு, சுளகில புடைச்சு, உமியைப் போக்கணும். முழுசாவா போட்டு வேகவைப்பாங்க? போன தடவை மாட்டுக்கு வச்ச மாதிரியில்ல வச்சீங்க!" என்று சிரித்தாள். முழுசாகத் தின்பதில்தான் நன்மை என்று சொன்னதும் சற்று யோசித்தாள். "அப்படின்னா ராத்திரியே ஊறப் போடு" என்றாள். அந்த வார்த்தையோடு சமையல் அவள் கைக்குப் போய்விட்டது.

வாசகர்களில் இந்த நோய் உள்ள வீட்டுக்காரர்கள் பலர் இருப்பார்கள். ஆகவே அந்தத் தொடுகறியின் பக்குவத்தைச் சொல்லிவிடுகிறேன். நால்வருக்கு நூறு கிராம் வெள்ளைச் சோளம். கழுவி, பத்து மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு, மூன்று பங்கு தண்ணீரில் குக்கரில் மிதமான தீயில் அரைமணி நேரம் வேகவைக்க வேண்டும். "பல்லில கடிச்சா நசுங்கணும், குழையக் கூடாது" என்பது அம்மாவின் அளவுகோல். வடித்த தண்ணீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கொத்தவரங்காய் கால் கிலோ, நார் எடுத்துப் பொடியாக நறுக்கித் தனியே வேகவைத்து வடித்துக்கொண்டால் கசப்புத் தெரியாது. அவரைக்காய் ஒரு கைப்பிடி, முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. இரும்புச் சட்டியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய வத்தல், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, அவரைக்காயைப் போட்டு மூடிவைத்து, அது வெந்ததும் கீரையையும் கொத்தவரங்காயையும் கடைசியில் சோளத்தையும் போட்டுப் புரட்ட வேண்டும். நான் தேங்காய் துருவப் போனபோது அம்மா தடுத்துவிட்டாள். வறுத்த நிலக்கடலையைக் கல்லில் ஒன்றிரண்டாகத் தட்டித் தூவினாள். கரிசல் காட்டின் வாசனை அதில்தான் இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தக் கறியை வழக்கமான சோற்றோடு கூடுதலாகத் தின்றால் பயன் இல்லை. சோளமும் மாவுச்சத்துதான், ஒருவர் பங்குக்கு இருபத்தைந்து கிராம் சோளம் விழுகிறதென்றால் அந்த அளவுக்குச் சோறு குறைய வேண்டும். மலைபோல் சோறும் ஓரத்தில் சிட்டிகை கறியும் என்று இருந்ததை, தட்டு நிறையக் கறியும் ஓரத்தில் சோறும் என்று திருப்பிப்போட வேண்டும். சிறுதானியம் என்று பெயர் வைத்துவிட்டதால் எதுவும் அமிர்தம் ஆகிவிடாது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது நல்ல காரியம்தான். ஆனால் அளவில்லாமல் தின்கிற கம்பங்கூழும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

தனிக் குக்கரை மேலே தூக்கிப் போட்டாயிற்று. அன்று எல்லோரும் ஒரே வேளையில் உட்கார்ந்தோம். எல்லார் தட்டிலும் அதே கறி. அம்மா தன் தட்டில் சோற்றைத் தானே போட்டுக்கொண்டாள். ஒரு கரண்டி வைத்தாள். இரண்டாவது கரண்டியை எடுத்து, பாதியைத் திரும்பப் பாத்திரத்தில் தட்டினாள். நான் இதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே அவளுக்கு அளந்து வைத்திருந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று கேட்டாள்: "எனக்காகவாய்யா நீங்க எல்லாரும் இதைச் சாப்பிடுறீங்க?"

'இல்லை' என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அன்பான பொய் அது. ஆனால் பொய்யில் ஒரு தடவை வழுக்கி விழுந்தவனுக்குத் தரை தெரியும். "பாதி உனக்காகத்தாம்மா. பாதி எனக்காக. எனக்கும் வயசு நாற்பது தாண்டியாச்சு, தாய்க்கு வந்தா பிள்ளைக்கும் வர வழி இருக்குன்னு டாக்டர் சொல்றார்" என்றேன்.

"அப்பச் சரி. இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ" என்று என் தட்டில் ஒரு கரண்டி போட்டாள். அவள் பத்தியத்தை நான் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில், என் பத்தியத்தை அவள் பார்க்கத் தொடங்கினாள்.

அம்மா ஒரு ஞானியாக மாறிவிட்டாள் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் ஜாங்கிரி தின்றுவிட்டு வந்தாள். வந்ததும், "ஒண்ணு முழுசாத் தின்னுட்டேன்யா, ராத்திரிக்குச் சோறு வேண்டாம், வெறும் கறி போதும்" என்று அவளே சொன்னாள். முன்பானால் தின்றிருப்பாள், சொல்லியிருக்க மாட்டாள்.

சர்க்கரை டப்பா இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த அலமாரியில் இருக்கிறது. காப்பி கலக்கப் போகும்போது அதன் மட்டம் குறைந்திருக்கிறதா என்று இன்றும் சில நாள் என் கண் தானாகப் பார்க்கத்தான் செய்கிறது. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை. அம்மா தன் விரதத்தை எடுத்துக்கொண்டுவிட்டாள். இந்த விரதம் நான் எடுத்துக்கொண்டது.